கடலைக் காணாத போர்க்கப்பல்கள்

1814 அக்டோபரில் கனடாவின் கிங்ஸ்டன் துறையிலிருந்து ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் பாய் விரித்துக் கிளம்பியது. பெயர் செயின்ட் லாரன்ஸ். மூன்று தளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள், ஏறத்தாழ 700 மாலுமிகள். டிரஃபால்கர் போரில் நெல்சன் ஏறி நின்ற விக்டரி கப்பலைவிட இது நீளத்திலும் கொள்ளளவிலும் பெரியது. ஆனால் இந்தக் கப்பல் கடலை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தொட வழியே இல்லை. அது கட்டப்பட்டதும் ஓடியதும் ஒன்டாரியோ ஏரியில். நான்கு மாதத்தில் அமெரிக்காவோடு நடந்த போர் முடிந்துவிட்டது. கப்பலின் பீரங்கிகள் எதிரிக் கப்பல் எதையும் நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

பாய்மரக் காலத்து ஏரிப் போர்களைக் கடற்போரின் சிறு பதிப்பு என்று சொல்லி ஒரு பத்தியில் கடந்துவிடும் வழக்கம் வரலாற்று நூல்களில் உண்டு. எனக்கு அது பெரும் குறையாகத் தெரிகிறது. ஏரியில் தண்ணீர் வேறு, மரம் வேறு, அலை வேறு. தோற்ற கப்பலுக்கு ஓடி ஒளிய இடமில்லை. இழந்த கப்பலுக்குப் பதிலாக இன்னொன்றை வேறு கடலிலிருந்து அழைத்து வரவும் முடியாது. அதனால் போரின் முடிவு தளபதியின் கையிலிருந்து பெருமளவு நழுவி, கோடரி பிடித்த தச்சர் கைக்கும் பீரங்கியைப் படகில் ஏற்றி ஆற்றை எதிர்த்துத் தள்ளிய கூலியாட்கள் கைக்கும் போய்விட்டது. அமெரிக்கக் குடியரசுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட இரண்டு போர்களில், 1776 முதல் 1814 வரை, வட அமெரிக்க ஏரிகளில் நடந்தவை இதற்கு மிகத் தெளிவான சாட்சி.

முதலில் நில அமைப்பு. அட்லாண்டிக்கிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியாகக் கடற்கப்பல் மொன்ட்ரியால் வரை வரலாம். அதற்கு மேல் ஒன்டாரியோ ஏரி வரை ஆறு பாறைகளின் மேல் துள்ளிப் பாய்கிறது. தட்டையான சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துத்தான் ஏற்ற முடியும். ஒன்டாரியோவுக்கும் அடுத்த ஏரியான ஈரிக்கும் நடுவில் நயாகரா அருவி. இரு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் ஏறத்தாழ 99 மீட்டர் வித்தியாசம். கிழக்கே தனியாகக் கிடக்கும் சாம்ப்ளேன் ஏரி ரிஷ்லியூ ஆற்றின் வழியே வடக்கு நோக்கி வடிகிறது. அந்த ஆற்றிலும் ஷாம்ப்ளி என்ற இடத்தில் பாறைப் பாய்ச்சல். ஆக, மூன்று ஏரிகளும் பூட்டிய மூன்று அறைகள். உலகின் மிகப் பெரிய கடற்படை பிரிட்டனிடம் இருந்தது. ஆனால் அதன் ஒரு கப்பல்கூட இந்த அறைகளுக்குள் நுழைய முடியாது.

இருந்தும் ஏன் இங்கே சண்டை? சுற்றிலும் அடர்ந்த காடு, சாலை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு மாவும் உப்பிட்ட இறைச்சியும் வெடிமருந்தும் போய்ச் சேர ஏரிதான் வழி. ஏரியை வைத்திருப்பவர் கரையில் படை வைத்திருக்கலாம். ஏரியை இழந்தவர் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். வேறு கணக்கு கிடையாது.

கப்பலுக்கு வேண்டிய மரம் கரையிலேயே நின்றது. ஓக், பைன், ஆஷ், ஸ்ப்ரூஸ் என்று வேண்டிய மட்டும். ஆனால் பீரங்கி, நங்கூரம், இரும்பு ஆணி, பாய்த்துணி, வடம், கப்பல் தச்சர், பயிற்சி பெற்ற மாலுமி, இவை எதுவும் அங்கே இல்லை. அமெரிக்கர்கள் இவற்றை நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆறு, மோஹாக் ஆறு, ஒனைடா ஏரி என்று இடையிடையே தரையில் தூக்கிச் சுமந்து ஒஸ்வேகோவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனுக்கு ஒவ்வொரு பீரங்கியும் அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் எதிரியின் கரையை ஒட்டியே ஆற்றில் ஏற வேண்டியிருந்தது. இந்தப் பாதைகளின் நீளத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் பலவும் விளங்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். கடற்கப்பல் தன் வயிற்றில் சுமக்கும் பெரும் பாரங்களில் ஒன்று குடிநீர். விக்டரி போன்ற கப்பலில் ஏறத்தாழ 300 டன் தண்ணீர் பீப்பாய்களில் அடுக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் உண்ண உணவும் அதன் மேல். ஏரிக் கப்பலில் மாலுமி வாளியைக் கயிற்றில் இறக்கி மொண்டு குடிக்கலாம். இரண்டொரு நாளில் கரை வந்துவிடும் என்பதால் உணவுக் கிடங்கும் சிறிதே போதும். அதனால் தச்சர்கள் கப்பலின் அடியறையை ஆழம் குறைத்துக் கட்டினார்கள். செயின்ட் லாரன்ஸ் விக்டரியைவிட நீளமாக இருந்தும் அதன் அடியறை ஆழம் குறைவுதான். தட்டையான, அகலமான அடிவயிறு. அதன் மேல் முழுப் போர்க்கப்பலுக்கான பீரங்கிகள். மேடு நிறைந்த கரைகளிலும் ஆழமில்லாத துறைகளிலும் நுழைய இது தோதாக இருந்தது.

ஆழம் குறைந்ததற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு விசையும் உண்டு. உப்புநீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தியானது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்க வேண்டும் என்ற ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, அதே எடையுள்ள கப்பல் ஏரியில் சில சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கடலில் இது பொருட்டல்ல. 2 மீட்டர்கூட ஆழமில்லாத மணல்திட்டைக் கடக்க வேண்டிய கப்பலுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு.

மரத்தின் கதை இன்னும் சுவையானது. ஐரோப்பியக் கப்பல் தளங்களில் ஓக் மரத்தை வெட்டி ஆண்டுக்கணக்கில் உலர வைத்த பிறகே கப்பலில் சேர்ப்பார்கள். ஏரிக்கரையில் நேற்று காட்டில் நின்ற மரம் இன்று கப்பலின் விலா எலும்பாக ஏறியது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், பலகை இடுக்கு விரியும், நீர் கசியும். ஈரம் உள்ளேயே தங்குவதால் பூஞ்சை பற்றி நான்கைந்து ஆண்டுகளில் உளுத்துப்போகும். உப்புக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. வணிகக் கப்பல் கட்டுபவர்கள் விலாமரங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி நிரப்பியதுகூட அதற்காகத்தான். நன்னீரில் அந்தக் காப்பும் இல்லை. ஏரித் தச்சர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தார்கள். அவர்கள் கட்டியது ஒரு போர்க்காலத்துக்கான கப்பல். பத்தாண்டு தாங்கும் கப்பலை அடுத்த ஆண்டு கொடுப்பதைவிட மூன்றாண்டு தாங்கும் கப்பலை அடுத்த மாதம் கொடுப்பது மேல் என்பது அவர்கள் முடிவு. பொறியியலில் இதைவிடத் தெளிவான சிந்தனையை நான் அதிகம் கண்டதில்லை.

பச்சை மரம் ஒருமுறை கைகொடுக்கவும் செய்தது. 1813 மே 29 அன்று அமெரிக்கக் கப்பல் தளமான சாக்கெட்ஸ் ஹார்பரைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. தளம் வீழ்ந்துவிட்டது என்று தவறாக நம்பிய அமெரிக்கர்கள் தங்கள் கிடங்குகளுக்கும், கட்டி முடியாமல் நின்ற ஜெனரல் பைக் என்ற பெரிய கப்பலுக்கும் தாங்களே தீ வைத்தார்கள். கிடங்குகள் எரிந்தன. ஈரம் உலராத மரத்தில் தீ எளிதில் பற்றாததால் கப்பல் பிழைத்தது. அடுத்த மாதமே நீரில் இறங்கியது.

காற்றும் அலையும் தனி ஆபத்து. கடலில் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி அலையை நீளமாக வளர்க்கிறது. கப்பல் அதன் மேல் ஏறி இறங்கிப் போகும். ஏரியில் காற்றுக்கு அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. அலைகள் உயரம் குறைந்திருந்தாலும் செங்குத்தாக, நெருக்கமாக, அடுத்தடுத்து வந்து அறைகின்றன. சராசரி ஆழம் வெறும் 19 மீட்டரே உள்ள ஈரி ஏரியில் இது இன்னும் கடுமை. பலமான காற்று ஏரி நீரையே ஒரு கரைக்குத் தள்ளிக் குவித்துவிடும். இரு முனைகளின் நீர்மட்டத்துக்கும் 2 மீட்டருக்கு மேல்கூட வேறுபாடு வரும். காற்று நின்றதும் நீர் தொட்டியில் அலைவதைப் போல முன்னும் பின்னும் ஆடும். துறை வாயிலின் ஆழம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

1813 ஆகஸ்ட் 8 நள்ளிரவு தாண்டி, ஒன்டாரியோ ஏரியில் அமைதியாக நின்றிருந்த அமெரிக்கப் படையை ஒரு திடீர்ச் சூறை அடித்தது. ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்ற இரு கலங்கள் சில நிமிடங்களில் கவிழ்ந்து மூழ்கின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் முன்பு சரக்கு ஏற்றிய சிறு கப்பல்கள். சரக்கு அடியறையில் இருக்கும். பீரங்கியோ மேல்தளத்தில் இருக்கும். எடையின் மையம் மேலே ஏறியதால் கப்பல் சாய்ந்தால் நிமிரும் வலு குறைந்துபோனது. அந்த ஏரிப்படை அந்த ஆண்டு எதிரியின் குண்டுக்கு இழந்ததைவிட அதிக உயிர்களை அந்த ஓரிரவில் இழந்தது என்று சொன்னால் மிகையாகாது. உயிர் பிழைத்த நெட் மையர்ஸ் என்ற மாலுமி சொன்ன கதையை நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1843இல் நூலாக்கினார்.

ஈரி ஏரியில் நடந்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தளம் பிரெஸ்க் ஐல் வளைகுடா. அங்கே நோவா பிரவுன் என்ற நியூயார்க் தச்சரின் தலைமையில் லாரன்ஸ், நயாகரா என்ற இரு கப்பல்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் 20 பீரங்கிகள். வளைகுடாவின் வாயிலில் ஒரு மணல்திட்டு. அதன் மேல் 6 அடி அளவில்தான் நீர். கப்பல்களுக்கு வேண்டியது 9 அடி. கட்டும் வரை இந்தத் திட்டுதான் எதிரியை உள்ளே விடாமல் காத்தது. கட்டி முடித்ததும் அதுவே சிறைக்கதவானது. தளபதி ஆலிவர் ஹசார்ட் பெரி, வயது 28. வெளியே காவல் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராபர்ட் பார்க்ளே, முந்தைய போரில் ஒரு கையை இழந்தவர்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பார்க்ளேயின் கப்பல்கள் சில நாள் கண்ணில் படாமல் போயின. பெரி உடனே வேலையைத் தொடங்கினார். பீரங்கிகள் எல்லாம் கரைக்கு இறங்கின. பெரிய மரப்பெட்டிகள் இரண்டைக் கப்பலின் இருபக்கமும் நிறுத்தி, நீர் நிரப்பி அமிழ்த்தினார்கள். பீரங்கித் துளைகளின் வழியே குறுக்காக உத்திரங்களைச் செலுத்தி, அவற்றின் முனைகளைப் பெட்டிகளின் மேல் தாங்க வைத்தார்கள். பிறகு பெட்டிகளிலிருந்து நீரை இறைத்தால் பெட்டி மேலெழும். அதோடு கப்பலும் எழும். முதல் முயற்சியில் போதவில்லை. மறுபடி அமிழ்த்தி, மறுபடி இறைத்து, இரவு பகலாக லாரன்ஸைத் திட்டின் மேல் இழுத்துக் கடந்தார்கள். நயாகரா திட்டின் மேல் இருந்தபோதே பார்க்ளேயின் பாய்கள் அடிவானத்தில் தெரிந்தன. பீரங்கி இல்லாத கப்பலைத் தாக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவர் நிலைமையை அறியாமல் திரும்பிப் போய்விட்டார்.

அவர் கதையும் பரிதாபமானது. ஏப்ரல் 27 அன்று அமெரிக்கர்கள் யார்க் நகரத்தை, அதாவது இன்றைய டொரான்டோவைத் தாக்கியபோது ஈரி ஏரிக்குப் போக வேண்டிய தளவாடங்கள் அங்கே பறிபோயின. அதனால் பார்க்ளேயின் புதிய கப்பலான டெட்ராய்ட்டுக்குப் பீரங்கியே இல்லை. கோட்டைச் சுவரிலிருந்து வெவ்வேறு அளவில் பழைய பீரங்கிகளை இறக்கி ஏற்றினார். திரி சரியில்லாமல், பீரங்கியின் காதில் கைத்துப்பாக்கியைச் சுட்டுத்தான் வெடிக்க வைக்க முடிந்தது. கரையில் மாவு தீர்ந்துவிட்டது. உணவுப் பாதையைத் திறக்க வேண்டுமென்றால் சண்டைக்குப் போயே ஆக வேண்டும்.

1813 செப்டம்பர் 10. பெரியிடம் ஒன்பது கலங்கள், பார்க்ளேயிடம் ஆறு. பெரியின் பெரிய கப்பல்களில் இருந்தவை பெரும்பாலும் கரோனேடு எனும் குட்டைப் பீரங்கிகள். 32 பவுண்டு குண்டு எறியும் நெடும்பீரங்கியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அதே குண்டு எறியும் கரோனேடின் எடை. பாதையெல்லாம் சுமந்துவரவும் எளிது, ஆழம் குறைந்த கப்பலுக்கும் ஏற்றது. குறை என்னவென்றால் சில நூறு மீட்டருக்கு அப்பால் அதனால் பயனில்லை. பார்க்ளேயிடம் நெடும்பீரங்கிகள் அதிகம். காலையில் காற்று அவருக்குச் சாதகமாக இருந்தது. அது நிலைத்திருந்தால் எட்ட நின்றே எதிரியை நொறுக்கியிருப்பார். திடீரென்று காற்று தென்கிழக்குக்கு மாறி, நெருங்கும் உரிமையைப் பெரியின் கையில் கொடுத்தது. அப்படியும் மெல்லிய காற்றில் அந்த இடைவெளியைக் கடக்கும் வரை லாரன்ஸ் பதிலடி இல்லாமல் அடி வாங்கியது. துணைக்கு வர வேண்டிய நயாகரா பின்தங்கி நின்றுவிட்டது. லாரன்ஸில் நின்று போரிட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். பெரி ஒரு படகில் ஏறி, குண்டு மழைக்கு நடுவே நயாகராவுக்குப் போனார். அது ஏறத்தாழ அடிபடாமல் இருந்தது. டெட்ராய்ட்டும் அதன் தோழமைக் கப்பலான குயின் ஷார்லட்டும் திரும்ப முயன்று ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட நேரத்தில் நயாகரா அவற்றின் வரிசையைப் பிளந்து புகுந்தது. சுமார் கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தப்பியோடிய இரு சிறு கலங்களும் பிடிபட்டன. எங்கே போய் ஒளிவது?

விளைவு உடனே வந்தது. உணவுப் பாதை அறுந்த பிரிட்டிஷ் படை டெட்ராய்ட் நகரைக் கைவிட்டுக் கிழக்கே பின்வாங்கியது. அக்டோபர் 5 அன்று கனடாவின் தேம்ஸ் ஆற்றங்கரையில் அமெரிக்கர்கள் அதை மடக்கினார்கள். பூர்வகுடி மக்களை ஒன்றிணைத்துத் தங்கள் நிலத்தைக் காக்கப் போராடிய ஷானி தலைவர் டெகும்சே அங்கே கொல்லப்பட்டார். ஏரியில் மூன்று மணி நேரச் சண்டையின் விலையை மிகக் கொடுமையாகக் கொடுத்தவர்கள் அந்தக் கப்பல்களில் ஏறாத அந்த மக்கள்தான். வெற்றிக் கதைகளில் இந்த வரி விடுபட்டுப் போவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஒன்டாரியோவில் நேர்மாறாக நடந்தது. சாக்கெட்ஸ் ஹார்பரில் அமெரிக்கத் தளபதி ஐசக் சான்சி, எதிரே கிங்ஸ்டனில் பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் யோ. ஒருவர் தோற்றால் ஏரியே போய்விடும் என்பதால் இருவரும் கை ஓங்கியிருக்கும்போது மட்டும் வெளியே வந்தார்கள். எதிரி புதிய கப்பலை இறக்கினால் மற்றவர் துறைக்குள் புகுந்து அதைவிடப் பெரிதாகக் கட்டத் தொடங்குவார். 1812 நவம்பரில் 24 பீரங்கிக் கப்பல் பெரிதாக இருந்தது. 1814 வசந்தத்தில் ஐம்பது பீரங்கிகளுக்கு மேல் கொண்டவை இறங்கின. செப்டம்பரில் செயின்ட் லாரன்ஸ் இறங்கியதும் சான்சி துறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பதிலடியாகச் சாக்கெட்ஸ் ஹார்பரில் நியூ ஆர்லியன்ஸ் என்ற இன்னும் பெரிய கப்பலுக்கு ஏராமரம் போட்டார்கள். இங்கிலாந்தின் சாத்தமிலிருந்து ஒரு கப்பலின் விலாச்சட்டங்களை எண் போட்டுப் பிரித்து அனுப்பி, ஆற்றுப் பாய்ச்சல்களில் இழுத்து ஏற்றிக் கிங்ஸ்டனில் பூட்டினார்கள். சைக்கி என்ற அந்தக் கப்பல் 1814 டிசம்பரில் இறங்கியது. சுற்றிலும் காடு நிற்க, மரத்தைக் கடல் கடந்து அனுப்பியது லண்டனின் அறியாமை என்றே நினைக்கிறேன். தேவைப்பட்டவை தச்சரும் இரும்பும்.

இந்தப் போட்டியில் ஒரு வடத்தின் பயணம் மறக்க முடியாதது. 1814 மே மாதம் சூப்பீரியர் என்ற அமெரிக்கக் கப்பலுக்கு வேண்டிய பீரங்கிகளும் நங்கூர வடமும் ஒஸ்வேகோ வரை வந்து நின்றன. எதிரி ஏரியைக் காத்ததால் படகுகளில் இரவோடு இரவாகச் சாண்டி என்ற ஓடைக்குள் கொண்டுபோனார்கள். பின்தொடர்ந்த பிரிட்டிஷ் படகுகள் ஓடைக்குள் சிக்கி மொத்தமாகப் பிடிபட்டன. பீரங்கிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். 4 டன்னுக்கும் மேற்பட்ட வடத்தை எந்த வண்டியும் தாங்காது. வெட்டினால் வடம் வீண். கடைசியில் நாட்டுப் படையைச் சேர்ந்த உழவர்கள் வரிசையாக நின்று, தேர்வடத்தைப் பிடிப்பதுபோல் முழு நீளத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு சுமார் 30 கிலோமீட்டர் காட்டுவழியில் நடந்தே சாக்கெட்ஸ் ஹார்பர் சேர்ந்தார்கள். தோல் உரிந்த தோளில் வைக்கோலைத் திரித்து வைத்துக்கொண்டார்கள். அந்த வடம் இல்லாமல் அந்தக் கப்பலுக்கு நங்கூரம் இல்லை. நங்கூரம் இல்லாத கப்பல் ஏரியில் இறங்க முடியாது.

மூன்றாவது அறையான சாம்ப்ளேன் ஏரி தெற்கு வடக்காக ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளம், மிக அகலமான இடத்திலும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். மலைகளுக்கு நடுவே கிடப்பதால் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோதான் வீசும். கனடாவிலிருந்து படையெடுத்து வருபவர் வாடைக் காற்றில்தான் வர முடியும். இந்த ஒரே உண்மையை வைத்து இரண்டு தளபதிகள், 38 ஆண்டு இடைவெளியில், சில கிலோமீட்டர் தூரத்துக்குள், ஒரே பொறியை வைத்தார்கள்.

முதலாமவர் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னல்ட். 1776இல் கனடாவிலிருந்து பின்வாங்கிய அமெரிக்கப் படைக்கு ஏரியின் தென்முனையில் அவசர அவசரமாகக் கட்டிய துடுப்புப் படகுகளும் சில சிறு கப்பல்களும் கிடைத்தன. பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் அவற்றை வெல்லப் போதுமான படகுகள் வைத்திருந்தும், கூடுதல் பாதுகாப்புக்காக இன்ஃப்ளெக்ஸிபிள் என்ற 18 பீரங்கிக் கப்பலைப் பிரித்துப் பாய்ச்சலுக்கு மேல் கொண்டுவந்து 28 நாளில் மீண்டும் பூட்டினார். வியக்கத்தக்க தச்சு வேலைதான். ஆனால் அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஆர்னல்ட் வால்கூர் தீவுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே ஒளிந்து நின்றார். அக்டோபர் 11 அன்று வாடையில் விரைந்து வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் தீவைத் தாண்டித் தெற்கே போன பிறகே எதிரியைக் கண்டன. திரும்பி வர வேண்டுமென்றால் அதே காற்றை எதிர்க்க வேண்டும். பெரிய கப்பல்கள் மாலை வரை திணறின. இரவில் பனிமூட்டத்தில், துடுப்புகளைத் துணி சுற்றி ஓசை அடக்கி, ஆர்னல்டின் கலங்கள் எதிரி வரிசையின் ஓரமாக நழுவின. இரண்டு நாளில் துரத்திப் பிடித்து அந்தப் படையைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். என்றாலும் குளிர் நெருங்கிவிட்டதால் கார்ல்டன் நவம்பரில் கனடாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அதே வழியில் வந்த பிரிட்டிஷ் படை 1777 அக்டோபர் 17 அன்று சாரடோகாவில் சரணடைந்தது. கடற்படை வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் மஹான் அழிந்துபோன அந்தச் சிறு படையின் பயனை மிக உயர்வாக மதிப்பிட்டது இதனால்தான்.

இரண்டாமவர் அமெரிக்கத் தளபதி தாமஸ் மக்டொனோ. 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஜார்ஜ் பிரெவோ சுமார் 10,000 பேருடன் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கி வந்தார். அவரோடு இணைந்து வந்த கப்பல் படையில் கான்ஃபியான்ஸ் என்ற 36 பீரங்கிக் கப்பல் பெரியது. ஆகஸ்ட் 25 அன்றுதான் நீரில் இறங்கியது, போருக்குப் புறப்பட்டபோதும் தச்சர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள். மக்டொனோவின் சாரடோகா என்ற கப்பல் 40 நாளுக்குள் கட்டப்பட்டது. ஈகிள் 20 நாளுக்குள். எதிரியிடம் நெடும்பீரங்கிகள் அதிகம், தன்னிடம் கரோனேடுகள் அதிகம் என்பதால், விரிந்த ஏரியில் சண்டையிட அவர் விரும்பவில்லை. பிளாட்ஸ்பர்க் வளைகுடாவுக்குள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றார். வாடையில் தெற்கே வரும் எதிரி கம்பர்லாந்து முனையைச் சுற்றி வளைகுடாவுக்குள் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடிக்கும். மலை மறைப்பில் அதுவும் விட்டு விட்டு வீசும்.

நின்ற இடத்திலேயே கப்பலைத் திருப்பவும் ஏற்பாடு செய்தார். நங்கூர வடங்களோடு கூடுதல் கயிறுகளைக் கட்டி, முன்னும் பின்னும் சிறு நங்கூரங்களை நீருக்கடியில் போட்டு வைத்தார். செப்டம்பர் 11 காலை கான்ஃபியான்ஸின் முதல் சுடுதலிலேயே சாரடோகாவில் ஐந்தில் ஒருவர் விழுந்தார். சில நிமிடங்களில் பிரிட்டிஷ் தளபதி டௌனி, சட்டத்திலிருந்து பிய்ந்து பறந்த பீரங்கி மோதி இறந்தார். இரண்டு மணி நேரத்தில் இரு கப்பல்களிலும் எதிரியை நோக்கிய பக்கத்துப் பீரங்கிகள் ஏறத்தாழ மௌனமாகிவிட்டன. அப்போது சாரடோகாவின் ஆட்கள் கயிறுகளை இழுத்துச் சுற்றினார்கள். காற்றின் உதவியே இல்லாமல் கப்பல் மெல்லத் திரும்பி, அதுவரை சுடாத மறுபக்கத்தைக் காட்டியது. கான்ஃபியான்ஸும் அதையே செய்யப் பார்த்தது. முன்னேற்பாடு இல்லாததால் பாதியில் சிக்கி நின்றது. சரணடைந்தபோது அதன் உடலில் 105 குண்டுத் துளைகள், சாரடோகாவில் 55. கரையில் இருந்த பெரும்படை ஏரியை இழந்த செய்தி கேட்டுத் திரும்பி நடந்தது. ஏரிகளில் மேலாதிக்கம் இல்லாமல் நிலம் கேட்க முடியாது என்று அந்த நவம்பரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் தன் அரசுக்குச் சொன்னார். டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. எல்லை பழைய இடத்திலேயே நின்றது.

1817இல் ரஷ், பகாட் என்ற இரு அரசுப் பிரதிநிதிகளின் பெயரால் அறியப்படும் ஒப்பந்தம் வந்தது. ஒன்டாரியோவிலும் சாம்ப்ளேனிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலம், மேல் ஏரிகளில் இரண்டு. 100 டன்னுக்கு மிகாமல், 18 பவுண்டு பீரங்கி ஒன்றே ஒன்று. நூறு பீரங்கிக் கப்பலை அடுத்த கோடைக்குள் யார் முதலில் இறக்குவது என்று மூன்றாண்டுக்கு முன் மல்லுக்கு நின்றவர்கள் ஒப்புக்கொண்ட எல்லை இது. இவ்வளவு செலவை யாராலும் தாங்க முடியாது என்று இரு தரப்பும் புரிந்துகொண்டதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். செயின்ட் லாரன்ஸ் 1832இல் வெறும் 25 பவுண்டுக்கு விலை போயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நீரில் இறங்காமலே கொட்டகைக்குள் நின்று 1883இல் விற்கப்பட்டது.

கரையில் நின்றவை உளுத்தன, மூழ்கியவை பிழைத்தன. மரத்தைக் குடைந்து தின்னும் கடற்புழு உப்பில்லாத நீரில் வாழாது. கடற்கப்பல்களின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடித்தது இந்தப் புழுவுக்கு அஞ்சியே. ஏரியில் அந்தக் கவலை இல்லை. ஆழத்தின் குளிரில் பூஞ்சையும் மிக மெதுவாகவே வேலை செய்கிறது. வால்கூர் சண்டையில் மூழ்கிய பிலடெல்பியா என்ற 16 மீட்டர்ப் படகை 1935இல் மேலே தூக்கினார்கள். அதை மூழ்கடித்த 24 பவுண்டு குண்டும் உடன் கிடைத்தது. இரண்டும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் உள்ளன. ஹாமில்டனும் ஸ்கர்ஜும் 1973இல் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டும் நிமிர்ந்தே நின்றன, பாய்மரங்கள் விழவில்லை, பீரங்கிகள் தத்தம் இடத்தில். ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் கப்பல்களின் எடைநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய குவாகா மட்டிகள் இப்போது அவற்றின் மேல் அடை அடையாக ஒட்டி, செதுக்கு வேலைகளை மறைத்துவிட்டன.

சாம்ப்ளேன் ஏரியின் தென்முனையில் வைட்ஹால் அருகே கிடைத்த ஈகிள் கப்பலின் உடல்தான் தச்சர்களைப் பற்றி மிக அதிகம் சொன்னது. கெவின் கிரிஸ்மன் என்ற நீரடித் தொல்லியலாளர் அதை அளந்து ஆராய்ந்தார். கப்பலின் தளத்தைத் தாங்கும் உத்திரத்தையும் பக்கச் சுவரையும் பிணைக்க வளைந்த மரத்துண்டுகளை வைப்பது கப்பல் கட்டும் கலையின் அடிப்படை. பொருத்தமான வளைவுள்ள கிளையைத் தேடிச் செதுக்கிப் பொருத்த நிறைய நேரம் ஆகும். ஈகிளில் அந்த வளைமரங்களே இல்லை. அதற்குப் பதிலாக உத்திரங்களை மேலும் கீழுமாக நீள்வாட்டில் ஓடும் கனத்த பலகைகளுக்கு நடுவே பூட்டிவிட்டார்கள். கைக்குக் கிடைத்த மரமெல்லாம், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரமும்கூட, சேர்க்கப்பட்டிருந்தது. கடற்படைக் கணக்கர் யாரும் ஒப்புக்கொள்ளாத வேலை அது. ஆதம் பிரவுன் என்ற தச்சரின் ஆட்கள் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்து கட்டிய அந்தக் கப்பல், நீரில் இறங்கிய 31ஆம் நாள் பிளாட்ஸ்பர்க் வரிசையில் நின்று இரண்டு மணி நேரம் குண்டு வாங்கியது. அப்போதும் மூழ்கவில்லை.